டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒழுகல்: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

போடியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறங்கி வரும். அவை ராத்திரி நின்ற இடத்தைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். நான் மெக்கானிக் இல்லை. பல வருஷமாக ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பை வைத்துக்கொண்டு, அதன் அடியிலேயே பாதி ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன். அந்த வட்டத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இங்கே சொல்வது வில்லிஸ் வழியில் வந்த ஜீப்புகளில் இருக்கும் ஸ்பைசர் 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றி. வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸ்னா எது? கியர்பாக்ஸோட சேர்ந்ததா, தனியா?

கியர்பாக்ஸின் முதுகில் போல்ட் போட்டு ஒட்டியிருக்கும் இரும்புப் பெட்டி. கியர்பாக்ஸ் வழியாக வரும் சுழற்சியைப் பின் அச்சுக்கும், ஃபோர் வீல் போட்டால் முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது இதுதான். ஹை, லோ என்கிறோமே, அந்தப் பல்சக்கரங்களும் இதற்குள்தான் இருக்கின்றன. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், முன்னால் ஒரு ஷாஃப்ட்டும் பின்னால் ஒரு ஷாஃப்ட்டும் கிளம்பும் இடம் எதுவோ அதுவே.

இதற்குத் தனி ஆயில், தனி பிளக். மொத்தமே 1.4 லிட்டர்தான் பிடிக்கும். எஞ்சினில் கால் லிட்டர் குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே கால் லிட்டர் போனால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

அடியில எண்ணெய் சொட்டுது. எஞ்சினா, கியர்பாக்ஸா, இதுவான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும், அழுகின முட்டை மாதிரி. ஒருமுறை மோந்தவர் மறக்க மாட்டார். டீசல் வண்டியின் எஞ்சின் ஆயில் மை மாதிரி கறுப்பாக இருக்கும், அந்த வாடை வராது. தண்ணீர் மாதிரி ஓடி, பட்ட இடத்தில் பெயின்ட் உப்பினால் அது பிரேக் ஆயில். அப்படியானால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே பிரேக்கைப் பாருங்கள்.

வாடை தெரிந்தாலும் இடம் தெரியாது. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. டீசலும் பிரஷ்ஷும் வைத்துப் பெட்டி முழுவதையும் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரைப் பெட்டி மேல் தூவிவிட்டு, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் நிறம் மாறி ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் மேலேயும் முன்னாலேயும் இருக்கிற முனைதான் ஆள். இந்த அரை நாள் வேலையைச் செய்யாமல் சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

பழைய ஜீப்புன்னா ஒழுகத்தானே செய்யும்? அப்படியே விட்டுடலாமா?

இப்படிச் சொல்லித்தான் பாதி வண்டிகளின் பேரிங் போகிறது. பெட்டியின் மேல் எண்ணெய்ப் பூச்சு மாதிரி ஈரம் இருந்து, தூசி ஒட்டி, ஆனால் தரையில் சொட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை லெவல் பார்த்தால் போதும். ராத்திரி நிறுத்தி காலையில் எடுத்தால் தரையில் புது வட்டம் இருக்கிறது என்றால் விடக்கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயிலேயே உட்கார்ந்திருக்கும். பின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேராக அந்த டிரம்முக்குள் போய் லைனிங்கை ஊறவைத்துவிடும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். மலைப்பாதையில் வண்டியை நிறுத்துகிற ஊர் நமக்கு.

ஆயில் லெவல் எப்படிப் பார்க்கிறது? டிப் ஸ்டிக் இல்லையே?

சமதரையில் நிறுத்தி, வண்டி ஆறின பிறகு, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு வளைத்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே எண்ணெய் தட்டுப்பட வேண்டும். ஊற்றும்போது ஓட்டை வழியாக வழிய ஆரம்பித்தால் நிறைந்துவிட்டது. பிளக்கைக் கழற்றின உடனே குபுக்கென்று கொட்டினால் அதுவும் கோளாறுதான். அதைப் பற்றிய கேள்வி பின்னால் வருகிறது.

ஆயில் மாற்றும்போது முதலில் மேல் பிளக்கைத் திறங்கள், அப்புறம் கீழ் பிளக். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

என்ன ஆயில் ஊத்தணும்? 140 ஊத்தினா கெட்டியா இருக்கும், ஒழுகாதுங்கிறாங்களே?

80டபிள்யூ90 அல்லது 90, ஜிஎல்-4 தரம். 90, 140 என்பது ஆயிலின் கெட்டி, ஜிஎல் என்பது அதன் சேர்மானத் தரம். ஜிஎல்-5 உசத்தி என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். கிரவுன் பல்சக்கரத்துக்கு நல்லது, பித்தளை, வெண்கலப் பாகங்களுக்கு ஆகாது. இந்தப் பெட்டிக்குள் வெண்கலத் திரஸ்ட் வாஷர் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அதனால் இரண்டுக்கும் ஜிஎல்-4.

140 ஊற்றினால் சொட்டு குறையும், பொய் இல்லை. ஆனால் ஒழுகல் நின்றதாக நினைத்துவிடுவோம், சீல் தேய்வது நிற்காது. காலைக் குளிரில் கெட்டி ஆயில் ஊசி பேரிங்குக்குள் போய்ச் சேரவும் நேரமாகும். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பதற்கும் இதே பதில்தான். அது ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். கிழிந்த சீலைத் தைக்காது.

எந்தெந்த இடத்துல ஒழுகும்?

அதிகம் ஒழுகுவது பின்வாய் சீல். அது எப்போதும் சுழலும் ஷாஃப்ட். அடுத்தது முன்வாய் சீல். அப்புறம் முன் மூடியில் லீவர்கள் தள்ளி இழுக்கும் இரண்டு கம்பிகள். அவற்றைச் சுற்றிச் சின்ன சீல்கள் உண்டு. கம்பியில் துரு ஏறிச் சொரசொரப்பானால் அந்தச் சீல் அரிந்துபோகும். கீழே தகட்டு மூடியின் பேக்கிங் (இடுக்கை அடைக்கும் தாள்), ஸ்பீடோமீட்டர் கேபிள் சொருகும் இடம், வடிகால் பிளக் என்று மற்றவை. கீழே இருப்பவை எல்லாம் எப்போதும் ஈரமாகத்தான் தெரியும், ஏனென்றால் மேலே ஒழுகுவது அங்கேதான் வந்து சேர்கிறது.

இடைப் பல்சக்கரம் சுற்றும் தண்டு பெட்டியின் பின்சுவர் வழியாகச் சொருகியிருக்கும். ஒரு சின்னப் பூட்டுத் தகடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒழுகுவதைப் பலர் பின் சீல் ஒழுகல் என்று நினைத்துவிடுகிறார்கள். பவுடர் போட்டுப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பின் சீலை நானே மாத்தலாமா?

மாற்றலாம். சீல் விலை சொற்பம், வேலைதான் மெனக்கெடு. முதலில் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், நான்குக்கும். மேலே சொன்ன மாதிரி ஹேண்ட் பிரேக் இருப்பது ஷாஃப்ட்டில்தான். ஷாஃப்ட்டைக் கழற்றின நொடியில் ஹேண்ட் பிரேக்கும் கிடையாது, கியரில் போட்டு நிறுத்தியதும் கிடையாது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் இதே கதை: தூக்கின சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகரும். கட்டை இல்லாமல் அடியில் படுக்கவே வேண்டாம்.

ஷாஃப்ட்டும் ஃபிளாஞ்சும் (பெட்டி வாயில் ஷாஃப்ட் வந்து மாட்டும் இரும்பு முகம்) சேரும் இடத்தில் உளியால் ஒரு அடையாளம் வையுங்கள். மாட்டும்போது அதே நிலையில் சேராவிட்டால் வண்டி அதிரும். ஷாஃப்ட் முனை மூட்டில் இருக்கும் கிராஸ் கப்புகளைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஊசிகள் மண்ணில் கொட்டும். டிரம்மைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை உருவி, பெரிய நட்டைத் திறந்து, ஃபிளாஞ்சைப் புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியலால் அடித்து எடுத்தால் அடி பேரிங்கில் போய் விழும்.

பழைய சீலின் முகத்தில் அதன் எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். புதுச் சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து உள்ளே இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த உதட்டோடு மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். சீலின் வெளிவட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டு வைத்து, நேராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்குங்கள். நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு, இந்த ஒரு இடத்தில் வேண்டாம்.

புது சீல் போட்டும் ரெண்டு மாசத்துல மறுபடி ஒழுகுது. சீல் டூப்ளிகேட்டா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே வருஷத்தில் மூன்று சீல் போட்டு, மூன்று தடவையும் சீலைத்தான் திட்டினேன். நான்காவது தடவை ஃபிளாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, சீல் உதடு உரசும் இடத்தின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். நகம் டக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. கண்ணுக்கு வெறும் பளபளப்பான கோடு. நகத்துக்குத் தெரிந்தது வாய்க்கால். வருஷக்கணக்கில் ரப்பரும் அதில் சிக்கின மண்ணும் சேர்ந்து இரும்பையே அரித்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எந்தச் சீலும் உட்காராது.

வழிகள் மூன்று. இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக இறக்கி, உதடு புது இடத்தில் உரசும்படி செய்யலாம். செலவே இல்லை. அது முடியாவிட்டால், ஃபிளாஞ்ச் கழுத்தின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். ரெடிமேடாகவும் கிடைக்கும், நல்ல லேத்காரரும் செய்து கொடுப்பார். மூன்றாவது, புது ஃபிளாஞ்ச். வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்பார்கள், வட்டம் சரியாக வருவது அபூர்வம். லேசான கீறல் என்றால் நைஸான உப்புத்தாள் போதும். ஆனால் வட்டமாகச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் நீங்களே எண்ணெய்க்கு வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

ஃபிளாஞ்ச் வழவழன்னு இருக்கு. ஆனாலும் ஒழுகுது. வேற என்ன?

பெட்டியின் மேல்பக்கம் இருக்கும் பிரீதரை, அதாவது காற்று போய்வரும் மூச்சுத் துவாரத்தைப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதே இல்லை. காலையில் 30 டிகிரியில் இருக்கும் பெட்டி, மலை ஏறி 90 டிகிரிக்குப் போனால், உள்ளே இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பிரீதர் மண்ணடைத்துக் கிடந்தால் அந்த அழுத்தம் எங்கே போகும்? இருக்கிற வழிகளில் லேசானது சீல் உதடுதான். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். ஏறும்போது மட்டும் ஒழுகி, நின்றால் ஒழுகாத வண்டி என்றால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

பிரீதரும் சரி என்றால் ஃபிளாஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொட என்றால் பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட் ஆடினால் சீல் ஒரு பக்கம் அமுங்கி, மறு பக்கம் வாய் திறக்கும். அங்கே இருப்பவை கோன் பேரிங்குகள். அவற்றின் முன்பின் ஆட்டத்தைப் பின் மூடிக்கு அடியில் இருக்கும் ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கும், கணக்கு 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர். பின் மூடியைக் கழற்றினால் அந்தத் தகடுகளை ஒரு நூலில் கோத்து வையுங்கள். தொலைத்துவிட்டுப் பேக்கிங் காகிதத்தை வெட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சீல் காய்ஞ்சு கிடக்கு, நட்டுக்கு நடுவுல இருந்து கசியுதே?

எண்ணெய், ஷாஃப்ட்டில் ஃபிளாஞ்ச் சொருகும் பல்வரி வழியாக வருகிறது. சீல் ஃபிளாஞ்சின் வெளிப்பக்கத்தைத்தான் அடைக்கும், உள்பக்கத்தை அல்ல. ஃபிளாஞ்சைக் கழற்றி, பல்வரியை டீசல் பசை இல்லாமல் துடைத்து, அனபாண்ட் மாதிரி ஒரு பசையைக் கொஞ்சமாகப் பல்வரியிலும் வாஷரின் உள்முகத்திலும் தடவி மாட்டுங்கள்.

அந்த அனபாண்டையே வெளியில அப்பிட்டா போதாதா?

போதாது. எண்ணெய் உள்ளிருந்து தள்ளும்போது வெளியில் அப்பினது தோல் மாதிரி உரிந்து வரும். கீழ்த் தகட்டு மூடிக்கும் இதே விதிதான். மூடியைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி, போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தால் சமமான இரும்பின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்திய பிறகு புதுப் பேக்கிங் போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, அளவாக இறுக்குங்கள். ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்கினால் தகடு இன்னும் குழியும், இன்னும் ஒழுகும்.

கியர்பாக்ஸ்ல ஆயில் குறையுது, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல கூடுது. இது எப்படி?

லெவல் பிளக்கைத் திறந்தால் குபுக்கென்று கொட்டும் என்றேனே, இதுதான் அது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் வால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் இந்தப் பக்கம் இறங்கிவிடும். இங்கே அளவு மீறி, பின் சீல் வழியாக வெளியேறும். நீங்கள் பின் சீலை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், அங்கே கியர்பாக்ஸ் வறண்டுகொண்டே இருக்கும்.

உறுதி செய்வது சுலபம். இரண்டிலும் சரியான அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு பிளக்கையும் திறந்து பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றதில் ஏறியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இது படுத்துக்கொண்டு தனியாகச் செய்கிற வேலை இல்லை. வார்ப்பிரும்புப் பெட்டி, நெஞ்சில் விழும். பழக்கப்பட்ட பட்டறையில் விடுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை கியர்பாக்ஸ் லெவலைப் பாருங்கள்.

ஆத்துல இறக்கி ஏத்தின பிறகு ஆயில் பால் காபி மாதிரி இருக்கு. ஒழுகலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வெளியே இருப்பதை உறிஞ்சும். எண்ணெய் வெளியே வரும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பிரீதர் தண்ணீருக்கு மேலே இல்லாவிட்டால் அதன் வழியாகவும் போகும். அந்த ஆயிலை அன்றைக்கே வடியுங்கள். மலிவான கியர் ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்லதை ஊற்றுங்கள். அடிக்கடி ஓடை கடக்கிறவர்கள் பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, எஞ்சின் பக்கம் உயரமான இடத்தில் கட்டிவிடுவது நல்லது.

என்னோடது ஜிப்ஸி. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா? ஜிம்னி, தார்?

கண்டுபிடிக்கும் முறை, நகச் சோதனை, பிரீதர் எல்லாம் எந்த வண்டிக்கும் பொருந்தும். அமைப்புதான் வேறு. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸில் ஒட்டியிருக்காது. தனியாக ரப்பர் மவுன்டில் தொங்கும், நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். ஜிம்னியிலும் அப்படியே. அதனால் பால் காபி வரலாம், ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் கலப்பு வராது. அதற்குப் பதிலாக ஒழுகுவதற்கு மூன்றாவதாக ஒரு சீல் உண்டு, ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில். மவுன்ட் ரப்பர் பிய்ந்து பெட்டி ஆடினால் அதிர்வில் சீல்கள் சீக்கிரம் போகும். ஜிப்ஸியில் சீலுக்கு முன் மவுன்டைப் பாருங்கள்.

புது வண்டிகளில் ஆயிலை மேனுவல் பார்க்காமல் ஊற்ற வேண்டாம். செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றில் ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான் ஊற்றுவார்கள், அதில் 90 ஊற்றினால் கெடும். வாரண்டி இருக்கும் வரை ஒரு நட்டையும் தொடாமல் ஷோரூமில் விடுங்கள்.

மேல ஏறிட்டிருக்கும்போது பாதி வழியில கொட்டிருச்சு. என்ன பண்றது?

நிறுத்துங்கள். பெட்டியைத் தொட வேண்டாம், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீறினால் ஆறும் வரை காத்திருங்கள். வடிகால் பிளக் கழன்று விழுந்திருந்தால், ஒரு மரக்குச்சியைச் செதுக்கித் துணி சுற்றி அடித்துவிட்டு மெதுவாக இறங்கலாம். சீல் என்றால், கையில் இருப்பதை ஊற்றி ஓட்டுங்கள். கியர் ஆயில் இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் ஊற்றலாம், வீடு வரும் வரைக்கு அது போதும், வந்ததும் வடித்துவிட வேண்டும். ஃபோர் வீல் போட்டிருந்தால் தார் ரோடு வந்ததும் எடுத்துவிடுங்கள். பிடியுள்ள ரோட்டில் முன்னும் பின்னும் இழுபறி நடந்து பெட்டி இன்னும் சூடாகும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி லெவல் பாருங்கள்.

என் வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் 90 ஆயில், அரை மீட்டர் ரப்பர் குழாய், ஒரு தகரப் புனல், பிளக்குக்குச் சேரும் ஸ்பானர், இவை எப்போதும் இருக்கும். பக்கவாட்டு ஓட்டையில் புனலை நேராக வைத்து ஊற்ற முடியாது, அதற்குத்தான் குழாய்.